அடுக்களைக்கு வேண்டிய கலங்கள்

ஒரு வீட்டாரின் செல்வத்தை அவர்தம் கூடத்திலுள்ள பொருள்கள் காட்டும். அவர்தம் அறிவை அடுக்களையிலுள்ள பாத்திரங்கள் காட்டும். கூடத்துப் பொருள் சில நாள் பயன்படாமல் கிடப்பினும் குறையொன்றுமில்லை. அடுக்களைப் பாத்திரமோ நாள்தோறும் இருமுறையும் மும்முறையும் நெருப்பில் ஏறி இறங்குவது. வீட்டிலுள்ளார் அனைவருடைய உடல்நலத்தோடும் பொருள்நிலையோடும் நெருங்கிய தொடர்புடையது. அத்தகைய பாத்திரத்தைப் பலர் அதன் பளபளப்பை மட்டும் நோக்கி வாங்குகின்றனர். எந்தப் பாத்திரம் எந்தச் சமையலுக்கு உரியது, ஒரு குடும்பத்திற்கு எத்தனை பாத்திரங்கள் போதும், அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பவற்றை அறிந்திருத்தல் ஆண் பெண் இருபாலார்க்கும் வேண்டிய கல்வியாகும்.

இக்கல்வியின் தேவையை நன்கு உணர்த்தும் ஊர்களுள் ஒன்று மூக்கண்டப்பள்ளி. இவ்வூர் கிருட்டினகிரி மாவட்டத்தில், ஓசூரை ஒட்டி, பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் அருகில் அமைந்துள்ளது. கருநாடக மாநிலத்தின் எல்லை இங்கிருந்து மிகத் தொலைவில் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளையும் மேட்டுநிலப் பகுதி இது. தமிழ்நாட்டில் தொழில்களை வளர்ப்பதற்காக 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்த பின்னர் இப்பகுதியின் தோற்றமே மாறிற்று. வயல்கள் இருந்த இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றிற்கு அருகில் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. இன்று மூக்கண்டப்பள்ளி ஓசூர் மாநகராட்சியின் ஒரு பகுதியாக விளங்குகிறது.

இங்குள்ள தொழிற்சாலைகளில் பணிபுரியப் பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களுள் பலர் ஓரறை அல்லது ஈரறை கொண்ட வாடகை வீடுகளில் குடியிருக்கின்றனர். இளைஞர் சிலர் கூடி ஓர் அறையில் தங்கித் தாமே சமைத்து உண்பதும் உண்டு. கணவனும் மனைவியும் வெவ்வேறு வேளைமுறையில் வேலைக்குச் செல்லும் இல்லங்களும் பல. இத்தகைய வீட்டில் சமையலுக்குரிய இடம் சிறிது. நேரம் அதனினும் சிறிது. கையிலுள்ள பொருளோ அளவுபட்டது. அங்கே புதிதாக அடுப்பு மூட்டுவோர் வாங்கும் ஒவ்வொரு பாத்திரமும் ஆராய்ந்து வாங்க வேண்டியதாகும். அடி மெலிந்த பாத்திரம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினால் சோறு தீயும், எரிவாயு வீணாகும், ஆண்டு முடியுமுன் பாத்திரமும் நெளிந்துபோகும். தேவையற்ற பெரும்பாத்திரங்களை வாங்கினாலோ வைக்க இடமின்றி அவை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இரண்டும் ஊதியத்தை விழுங்கும் பிழைகளே.

பாத்திரம் வாங்கப் புகுவோர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் வினவிக்கொள்ளுதல் வேண்டும். நாம் நாள்தோறும் உண்ணும் உணவு யாது? அதனைச் சமைக்கும் அடுப்பு யாது? உண்பவர் எத்தனை பேர்? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்வோர் ஏமாறுவது அரிது. இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் பாத்திரங்கள் எவற்றால் ஆனவை என்பதையும், அப்பொருள்களின் இயல்பையும் அறிதல் நலம்.

மனிதன் முதன்முதலில் சமைத்த கலம் மண்கலமே. மண்ணைப் பிசைந்து வனைந்து சூளையில் சுட்டால் அது நீரையும் நெருப்பையும் தாங்கும் என்பதைக் கண்டறிந்தது மனித நாகரிகத்தின் பெரும் படிகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் அகழாய்வு நிகழும் இடமெல்லாம் பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைப்பதற்குக் காரணமும் இதுவே. மண்சட்டி மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும். ஆதலால் குழம்பு முதலியன அதில் சீராக வெந்து நெடுநேரம் சூடு குறையாமல் இருக்கும். புளிப்புப் பொருளால் நன்கு சுட்ட மண்சட்டிக்கு ஊறு நேர்வதில்லை. ஆயினும் மண்கலம் எளிதில் உடையும். சூடேற மிகுதியான எரிபொருளும் வேண்டும்.

மண்ணுக்குப் பின் உலோகங்கள் வந்தன. இரும்பின் வரலாற்றில் கிருட்டினகிரி மாவட்டத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் நிகழ்ந்த அகழாய்வில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாக 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னரே இம்மேட்டுநிலத்தில் இரும்பு வழங்கிற்று என்பது இதனால் விளங்கும். பின்னர்ச் செம்பும், செம்போடு வெள்ளீயம் கலந்த வெண்கலமும், செம்போடு துத்தநாகம் கலந்த பித்தளையும் தமிழர் இல்லங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின.

அலுமினியம் இந்நாட்டு அடுக்களைக்கு வந்த வரலாறு சுவையானது. மண்ணில் நிறைந்திருப்பினும் அதனைப் பிரித்தெடுப்பது அரிதாக இருந்தமையால் ஒருகாலத்தில் அலுமினியம் விலை மிகுந்த உலோகமாக இருந்தது. மின்னாற்றலால் அதனை எளிதில் பிரிக்கும் முறையை 1886ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லசு ஹாலும் பிரெஞ்சுக்காரராகிய பால் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்தனர். அதன் பின் விலை வீழ்ந்தது. 1898ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரடு சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். சில ஆண்டுகளில் அது தனியார் நிறுவனமாக வளர்ந்தது. பித்தளைப் பாத்திரம் வாங்க இயலாத ஏழை மக்களும் உலோகப் பாத்திரத்தில் சமைக்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இன்று எங்கும் காணப்படும் எவர்சில்வர் அலுமினியத்திற்கும் பிற்பட்டது. அது வெள்ளியன்று, துருப்பிடிக்காத எஃகு. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்னும் அறிஞர் எஃகுடன் குரோமியம் என்னும் உலோகத்தைக் கலந்து ஆய்ந்தபோது, அக்கலவை துருப்பிடியாமையைக் கண்டார். குரோமியம் காற்றோடு கூடி எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து அதனைக் காக்கிறது. தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1981ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், இத்தகைய எஃகுத் தகடு நம் மாநிலத்திலேயே கிடைக்கலாயிற்று.

இவ்வுலோகங்கள் ஒவ்வொன்றும் வெப்பத்தை வெவ்வேறு அளவில் கடத்துகின்றன. எவர்சில்வரைக் காட்டிலும் இரும்பு நான்கைந்து மடங்கும், அலுமினியம் ஏறத்தாழ 15 மடங்கும், செம்பு ஏறத்தாழ 25 மடங்கும் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். இதனால் விளையும் பயனைச் சமைப்போர் அனைவரும் அறிவர். மெல்லிய எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பாலையோ கஞ்சியையோ காய்ச்சினால், நெருப்புப் படும் இடம் மட்டும் மிகச் சூடேறி அங்கே அடிப்பிடிக்கும். ஓரத்திலுள்ள பகுதியோ கொதியாமல் நிற்கும். அலுமினியத்திலும் செம்பிலும் வெப்பம் பாத்திரம் முழுதும் விரைந்து பரவும். இக்குறையை நீக்கவே எவர்சில்வர்ப் பாத்திரங்களின் அடியில் செம்பு பூசினர். பின்னர் இரண்டு எஃகுத் தகடுகளுக்கு இடையே அலுமினியத் தகடு வைத்து அடிப்பகுதியைத் தடித்ததாகச் செய்தனர். கடையில் அடி தடித்த எவர்சில்வர்ப் பாத்திரம் விலை மிகுந்திருப்பதன் காரணம் இதுவே. அவ்விலை வீண்விலையன்று.

வெப்பம் கடத்தும் ஆற்றல் ஒன்றையே நோக்கினால் செம்பையும் அலுமினியத்தையும் அனைவரும் விரும்புவர். ஆனால் நம் உணவில் புளி உண்டு; தக்காளி உண்டு; மோர் உண்டு. புளிப்புப் பொருள்கள் சில உலோகங்களைக் கரைக்கும் இயல்புடையன. செம்பிலும் பித்தளையிலும் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அவ்வுணவு உடலுக்குத் தீங்கு செய்யும். நம் முன்னோர் இதனை அறிந்தே பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் வெள்ளீயம் பூசச் செய்தனர். தெருத்தோறும் வந்து ஈயம் பூசித்தரும் தொழிலாளரை இன்று காண்பது அரிதாயிற்று. பூச்சுத் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பதைக் காட்டிலும் அதனைச் சமைக்காமல் வைத்திருப்பது மேல்.

இரசம் வைக்கப் பயன்படும் ஈயச்செம்பைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். அது தூய வெள்ளீயத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். காரீயம் என்பது வேறு உலோகம், அது நஞ்சு. சிறிதளவு உடலில் சேரினும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காரீயக் கலப்பு உண்டோ என்று கண்ணால் கண்டறிய இயலாது. ஆதலின் நம்பகமான இடத்தில் அன்றி ஈயச்செம்பு வாங்குதல் கூடாது. மேலும் வெள்ளீயம் 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். நீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் பாத்திரமே இல்லாமற்போகும்.

அலுமினியமும் புளிப்பிற்கு ஏற்றதன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், சாம்பார், சட்டினி போன்ற புளிப்புள்ள உணவுகளை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவற்றாலான பாத்திரங்களில் வைத்திருத்தல் நன்றன்று என எச்சரித்துள்ளது. எனவே குழம்பு வைப்பதற்கு எவர்சில்வரோ மண்சட்டியோ ஏற்றது. சோறு, கஞ்சி, களி போன்ற புளிப்பில்லாத உணவிற்கு அலுமினியம் பயன்படலாம். ஊறுகாயைப் பீங்கான் சாடியிலும் கண்ணாடிக் குடுவையிலும் வைக்கும் வழக்கமும் இவ்வுண்மையை ஒட்டியதேயாகும்.

இனி, நாள்தோறும் உண்ணும் உணவு யாது என்னும் முதல் வினாவிற்கு வருவோம். ஓசூர்ப் பகுதியின் பழைய உணவு கேழ்வரகுக் களி. கன்னடத்தார் இதனை முத்தே என்பர். தெலுங்கர் சங்கட்டி என்பர். கொதிக்கும் நீரில் மாவை இட்டு, மரத் துடுப்பால் கட்டி விழாதவாறு வலிந்து கிண்டிக் களி சமைப்பர். மெல்லிய பாத்திரம் இதற்கு உதவாது. கிண்டும் விசையில் அது நெளியும், அடியும் பிடிக்கும். அகன்ற அடியும் தடித்த உடலும் கொண்ட குண்டானே களிக்கு உரியது. தொழிற்சாலை வேலைக்காகப் பிற ஊர்களிலிருந்து வந்தோர்க்குச் சோறும் சப்பாத்தியும் பழக்கமாக இருக்கலாம். அவர்களுக்குக் களிக்குண்டானைவிடச் சோறு வடிக்கும் பாத்திரமும் சப்பாத்திக் கல்லும் முதன்மையானவை. பிறர் வீட்டில் இருக்கிறது என்பதற்காக ஒரு பாத்திரத்தை வாங்குவது, பிறர்க்கு அளவெடுத்த சட்டையை நாம் அணிவது போன்றதாகும்.

துவரை, கொள்ளு, அவரைக்கொட்டை முதலிய பருப்பு வகைகளை உண்போர்க்கு இம்மேட்டுநிலத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஓசூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடற்கரையிலுள்ள சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஓசூரில் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதிக்கும். நெருப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பம் அதற்குமேல் ஏறாது. நீர்தான் விரைவில் வற்றும். ஆதலின் அதே பருப்பு சென்னையில் வேகும் நேரத்தைக் காட்டிலும் இங்கே வேக மிகுதியான நேரம் ஆகிறது.

இவ்விடர்ப்பாட்டை நீக்குவது குக்கர் என்று வழங்கும் அழுத்தக்கலம். 1679ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர், மூடியை இறுக்கி நீராவியை உள்ளே அடைத்து வைத்தால் எலும்பும் மெத்தென்று வேகும் என்பதைக் காட்டினார். கலம் வெடிக்காமல் இருப்பதற்காக ஓர் அடைப்பிதழையும் அவர் அமைத்தார். அந்நெறியைப் பின்பற்றியவையே இன்றைய குக்கர்கள். மூடியின்மேலுள்ள எடை நீராவியைத் தடுத்து நிறுத்துவதால் உள்ளே அழுத்தம் உயர்கிறது; நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகையை எட்டுகிறது. ஒரு மணி நேரம் வேகும் பருப்பு சில நிமிடங்களில் குழைகிறது. அழுத்தம் அளவு மீறினால் எடை எழும்பி ஆவியை வெளிவிடும். அவ்வழி அடைபட்டுப்போனால், மூடியிலுள்ள காப்பு அடைப்பு உருகித் திறந்து வழிவிடும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு முதல் பெயர்பெற்ற நிறுவனங்கள் குக்கர்களைச் செய்யலாயின. அவற்றுள் ஒன்றாகிய டி.டி.கே. பிரஸ்டீஜ் நிறுவனத்தின் தொழிற்சாலை ஓசூர்த் தொழில் வளாகத்திலேயே உள்ளது. மூக்கண்டப்பள்ளித் தொழிலாளர் வீட்டு அடுப்பில் இருக்கும் கலம் அருகிலுள்ள தொழிற்சாலையில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். எந்த நிறுவனத்தின் குக்கராயினும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை அதன்மேல் உண்டா என்று நோக்கியே வாங்குதல் வேண்டும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் முதல் வீட்டுக் குக்கர்களுக்கு இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முத்திரையில்லாக் கலத்தின் விலைக்குறைவு உயிருக்கு ஈடாகாது. கலத்தில் எப்பொருளையும் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேலும், வெந்து பெருகும் அரிசியும் பொங்கி நுரைக்கும் பருப்புமாயின் பாதிக்கு மேலும் நிரப்பலாகாது. ஆவி முற்றும் அடங்குமுன் மூடியைத் திறக்க முயலுதல் பெருந்தீங்காம்.

இரும்புப் பாத்திரத்தின் பயனை இக்காலத்தார் பலர் மறந்தனர். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகையுடையவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். சோகைக்குரிய காரணங்களுள் உணவில் இரும்புச்சத்துக் குறைவு முதன்மையானது. இரும்புப் பாத்திரத்தில் சமைக்கும்போது சிறிதளவு இரும்பு உணவில் சேர்கிறது. எத்தியோப்பிய நாட்டில் நடந்து 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவை ஓராண்டு உண்ட குழந்தைகளின் குருதிநிலை, அலுமினியப் பாத்திரத்தில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளின் குருதிநிலையைவிட நன்கு தேறியிருந்தது. இரும்புத் தோசைக்கல்லும் இரும்பு வாணலியும் மருந்துக்கு ஈடாக மாட்டா. சோகையுடையோர் மருத்துவரை நாடுதல் வேண்டும். எனினும் விலை குறைந்த இப்பாத்திரங்கள் நாள்தோறும் செய்யும் சிறு நன்மையைத் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது. கீரைப் பொரியலும் காய் வதக்கலும் இரும்பு வாணலியில் செய்து, வெந்தவுடன் வேறு பாத்திரத்தில் மாற்றிவிடுதல் நன்று.

ஒட்டாப் பூச்சிட்ட தோசைக்கற்களும் இன்று மிகுதி. அவற்றில் எண்ணெய் குறைவாகச் செலவாகும் என்பது உண்மையே. ஆயின் ஒன்றும் இடாமல் அவற்றை மிகச் சூடேற்றினால் பூச்சுச் சிதைந்து தீய புகை உண்டாகும். இரும்புக் கரண்டியால் கீறினாலும் பூச்சு உரியும். பூச்சு உரிந்த கல்லால் பயனில்லை. இரும்புக்கல்லையோ வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்து எண்ணெய் தடவிச் சில நாள் பழக்கினால், தோசை ஒட்டாமல் எழும்பும். அக்கல் பேரன் பேத்தியர் காலம் வரை உழைக்கும்.

இரண்டாம் வினா அடுப்பைப் பற்றியது. எரிவாயு அடுப்பிற்கு அடி சமமான பாத்திரம் வேண்டும். தீ பாத்திரத்தின் அடியைவிட்டு வெளியே எரிந்தால் அது சுவரையே சூடேற்றும். வீட்டு எரிவாயு உருளையில் 14.2 கிலோகிராம் எரிவாயு உண்டு. தனியே தங்கியிருப்போர்க்கு 5 கிலோகிராம் சிற்றுருளையும் கிடைக்கிறது. எவ்வுருளையாயினும், மூடியிட்டுச் சமைப்பதும் பருப்பை முன்னரே ஊறவைப்பதும் அதன் வாழ்நாளை நீட்டிக்கும். மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்போர் மற்றொன்றையும் நோக்க வேண்டும். காந்தம் ஒட்டும் அடியுடைய பாத்திரமே அவ்வடுப்பில் சூடேறும். மண்சட்டியும் வெறும் அலுமினியப் பாத்திரமும் அதற்கு உதவா. கடைக்குச் செல்லும்போது சிறு காந்தமொன்றைக் கையில் கொண்டு சென்றால், பாத்திரத்தின் அடியில் வைத்துப் பார்த்து ஐயமின்றி வாங்கலாம்.

மூன்றாம் வினா உண்போர் தொகையைப் பற்றியது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 5 லிட்டர் குக்கர் போதும். இருவர்க்கு 3 லிட்டர் சாலும். ஆண்டில் இருமுறை வரும் விருந்தினரை எண்ணிப் பெருங்கலம் வாங்கினால், எஞ்சிய நாளெல்லாம் அடியில் ஒட்டிய சிறிதளவு பருப்பிற்காக அப்பெருங்கலம் சூடேற வேண்டியதாகும். விருந்து நாளில் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறுவதும், வாடகைக்கு எடுப்பதும் இழிவல்ல.

இவ்வாறு ஆராய்ந்தால், நால்வர் வாழும் எளிய இல்லத்திற்கு நெருப்பில் ஏறும் பாத்திரங்கள் ஆறே போதும் என்பது புலனாகும். சோற்றுக்கும் பருப்புக்கும் உள்ளடுக்குகளோடு கூடிய ஒரு குக்கர். களிக்கும் கஞ்சிக்கும் தடித்த குண்டான் ஒன்று. குழம்புக்கு அடி தடித்த எவர்சில்வர்ப் பாத்திரமோ மண்சட்டியோ ஒன்று. பாலுக்கும் தேநீருக்கும் கைப்பிடியுள்ள சிறு பாத்திரம் ஒன்று. இரும்பு வாணலி ஒன்று. இரும்புத் தோசைக்கல் ஒன்று. இட்டலிக்குத் தனிக் கொப்பரை வேண்டுவதில்லை; குக்கரில் இட்டலித் தட்டுகளை அடுக்கி, மேலுள்ள எடையை எடுத்துவிட்டு ஆவியில் வேகவைக்கலாம். இவற்றுக்குத் துணையாகக் கரண்டிகள் இரண்டு, தோசைத் திருப்பி, மரத் துடுப்பு, கீரை மத்து, வடிதட்டு, இடுக்கி, கத்தி அல்லது அரிவாள்மணை, அஞ்சறைப் பெட்டி, தண்ணீருக்கு ஒரு மண்பானை ஆகியவை இருந்தால் அடுக்களை நிறைவுற்றதாகும். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மின்னாற்றலும் வேண்டாத குளிர்ப்பெட்டி அது.

வாங்கும்போது கையாலும் கண்ணாலும் சோதிப்பது நலம். பாத்திரத்தைச் சமதளத்தில் வைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். கைப்பிடி உறுதியாகப் பொருந்தியிருக்க வேண்டும். விளிம்பு மடிந்த இடத்தில் அழுக்குத் தங்கும் இடுக்கு இருத்தலாகாது. மூடி நன்கு பொருந்த வேண்டும். எடைபோட்டு விற்கும் கடைகளில், எடை மிகுந்தது விலை மிகுந்தது என்று அஞ்சி மெலிந்ததை எடுப்போர் உளர். அடியிலுள்ள தடிமனுக்குக் கொடுக்கும் பொருள் எரிபொருள் செலவில் திரும்பி வரும். ஆறு பாத்திரங்களையும் ஒரே நாளில் வாங்க வேண்டுமென்பதும் இல்லை. குக்கரையும் வாணலியையும் முதல் மாதத்தில் வாங்கி, ஏனையவற்றை அடுத்தடுத்த மாதங்களில் சேர்க்கலாம். தவணைக்கடன் பட்டு முழுத் தொகுதியாக வாங்குவோர், அத்தொகுதியில் பாதியைப் பயன்படுத்துவதே இல்லை.

முற்காலத்தில் பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் வீட்டின் சேமிப்பாகவும் விளங்கின. பஞ்சம் வந்தபோது அவற்றை அடகு வைத்து அரிசி வாங்கியவர் பலர். அதனால் மகளுக்குச் சீர் கொடுக்கும்போது பாத்திரம் கொடுத்ததில் ஒரு பொருள் இருந்தது. இன்றோ சேமிப்பிற்கு அஞ்சலகமும் வங்கியும் உள்ளன. ஆயினும் ஊரார் காணும்பொருட்டு வரிசை வரிசையாகப் பாத்திரங்களை அடுக்கும் வழக்கம் மட்டும் நீங்கவில்லை. பெயர் வெட்டிய அப்பாத்திரங்கள் பல, பரணில் ஏறியபின் இறங்குவதே இல்லை. அவற்றிற்காகப் பெற்றோர் பட்ட கடனோ ஆண்டுதோறும் வட்டியோடு வளர்கிறது. ஓரறை வீட்டில் குடிபுகும் புதுமணமக்களுக்கு நூறு பாத்திரம் கொடுப்பதைவிட, ஆறு நல்ல பாத்திரங்களும் எஞ்சிய தொகைக்கு ஒரு சேமிப்புப் புத்தகமும் கொடுப்பது அன்பும் அறிவும் கூடிய செயலாகும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கையிலுள்ள பொருள் முழுவதும் சட்டிக்கே செலவாகிவிட்டால், சட்டியில் இடுவதற்குப் பருப்பும் கீரையும் எங்கிருந்து வரும்? உடலை வளர்ப்பது பாத்திரத்தினுள் வேகும் உணவு. அவ்வுணவைக் கெடுக்காமலும் நெருப்பை வீணாக்காமலும் நெடுநாள் உழைக்கும் கலங்களுள் வேண்டிய சிலவற்றைத் தேர்ந்து, தேய்த்துத் துலக்கிப் பேணிக் காப்பவர் வீட்டில் உணவும் உடல்நலமும் குறைவின்றி விளங்கும்.

வினாக்கள்

1. பாத்திரம் வாங்குவோர் தம்மை வினவிக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?

2. ஓசூரில் பருப்பு வேக மிகுதியான நேரம் ஆவது ஏன்? அழுத்தக்கலம் அவ்விடர்ப்பாட்டை எவ்வாறு நீக்குகிறது?

3. புளிக்குழம்பு வைப்பதற்கு ஏற்ற பாத்திரங்கள் எவை? ஏலாதவை எவை? காரணம் கூறுக.

4. உங்கள் வீட்டு அடுக்களையிலுள்ள பாத்திரங்களை எண்ணி, நாள்தோறும் பயன்படுவன, என்றேனும் பயன்படுவன, பயன்படாதன என மூவகையாகப் பிரித்து எழுதுக.

5. ‘சீர்வரிசையாகப் பாத்திரங்கள் கொடுத்தல்’ என்பது பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.